ஃபாசிஃப் பொடி: புட்டிக்குள் இல்லாத மைசெல்லுக்கு விலை கொடுக்கலாமா?

விழுங்கிய மாத்திரை சிறுகுடலில் எப்படிக் கரையும் என்பதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் முன்கூட்டியே பார்த்துவிட விரும்பும் மருந்து ஆய்வகங்களுக்கென்று விற்கப்படும் ஒரு பொடியைப் பற்றியது இந்த மதிப்புரை. சோடியம் டாரோகோலேட் என்னும் பித்த உப்பும் லெசித்தின் என்னும் பாஸ்போலிப்பிடும் 4-க்கு 1 என்ற மோல் விகிதத்தில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கில், சேர்த்து உலர்த்தப்பட்ட பொடி அது. அமில-கார நிலையை (பி.எச்.) மாறாமல் காக்கும் பாஸ்பேட் பஃபர் ஒரு லிட்டரில் 2.24 கிராம் கரைத்தால் வெறும் வயிற்றுக் குடல்நீருக்கு நிகரான 'ஃபாசிஃப்' கிடைக்கும். அதே பொடியை ஒரு லிட்டர் அசிட்டேட் பஃபரில் 11.2 கிராம் கரைத்தால் சாப்பிட்ட பின் உள்ள குடல்நீருக்கு நிகரான 'ஃபெசிஃப்' கிடைக்கும். ஜெனிஃபர் டிரெஸ்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-ல் வெளியிட்ட கலவைக் குறிப்புகளே இவ்விரண்டுக்கும் அடிப்படை.

கிண்டி, அம்பத்தூர் தொடங்கித் தெற்கே ஆலத்தூர் வரை மருந்து நிறுவனங்களும் அவற்றின் ஆய்வகங்களும் பரவியிருக்கும் இந்த நகரத்தில், பொடியாகவே வாங்குவதா, இரண்டு சரக்கையும் தனித்தனியே வாங்கி நாமே தயாரித்துக்கொள்வதா என்ற கேள்வி ஓயாமல் எழுகிறது. நாங்கள் வாங்கும் நிறுவனத்தின் பெயரையும் அதன் உள்ளூர் விநியோகஸ்தரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம், நான் சொல்லவருவது எந்த நிறுவனத்தின் பொடிக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்பது மற்றொன்று. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொடி வாங்கத் தகுந்ததுதான், ஆனால் விற்பனைத் தாள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. தாளைப் படிப்பவருக்கு மைசெல்களை, அதாவது நீரில் மூலக்கூறுகள் கூடி உருவாகும் நுண்திரள்களை, உலர்த்திப் புட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள் என்ற எண்ணம் வரும். புட்டிக்குள் மைசெல் எதுவும் கிடையாது. சரியான விகிதமும் எளிதில் நீரோடு சேரும் தன்மையும்தான் அதற்குள் இருக்கின்றன. மைசெல் உருவாவது உங்கள் நீரில், உங்கள் உப்பில், நீங்கள் காத்திருக்கும் நேரத்தில். இதைப் புரிந்துகொண்டவர் பொடியிலிருந்து முழுப் பயனையும் பெறுவார். புரிந்துகொள்ளாதவர் விலை உயர்ந்த சரக்கை வாங்கி ஏறுமாறான எண்களை எடுத்துக்கொண்டிருப்பார்.

பித்த உப்புகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் சோப்போடு சேர்த்தே பேசுகின்றன. அது பாதி உண்மை. சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் கொழுப்பை நாடும் நீண்ட வாலும் உண்டு. கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் உருவாக்கும் பித்த உப்புக்கு அப்படித் தலை, வால் என்று பிரிக்க முடியாத உடல். அதற்கு இருப்பவை இரண்டு முகங்கள். நான்கு வளையங்கள் கொண்ட அந்த உடல் கூரை வேயும் நாட்டு ஓட்டைப் போலச் சற்றே வளைந்தது. புடைத்த புறம் முழுக்க நீருக்கு ஒவ்வாத பரப்பு. குழிந்த புறத்தில் நீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள். பக்கச் சங்கிலியின் நுனியில் டாரின் அல்லது கிளைசின் என்னும் சிறு மூலக்கூறு இணைந்து மின்சுமையுடன் நிற்கிறது. இத்தகைய மூலக்கூறுகள் பெரிய கோளமாகத் திரள்வதற்கு அவற்றின் வடிவமே இடம் தராது. புடைத்த புறங்கள் ஒன்றையொன்று பார்க்க, சில மூலக்கூறுகள் மட்டுமே கொண்ட சிறு திரள்களாக நிற்கும். உப்பும் செறிவும் கூடும்போது இந்தச் சிறு திரள்கள் தமக்குள் இணைந்து பெரிதாகின்றன என்ற விளக்கத்தை டொனால்ட் ஸ்மால் 1960-களில் முன்வைத்தார். ஒரு செறிவைத் தாண்டியதும் மைசெல் பிறந்துவிடுகிறது என்ற கறாரான கோடு சோப்புக்கு வரைய முடிந்த அளவுக்குப் பித்த உப்புக்கு வரைய முடியாது. சில மில்லிமோலார் (செறிவின் அலகு) அகலத்துக்குப் பரந்து, உப்பின் அளவைப் பொறுத்து நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு வரம்பைத்தான் காட்ட முடியும்.

லெசித்தின் இதற்கு நேர்மாறானது. இரண்டு கொழுப்பமில வால்கள் இருப்பதால் அதன் தலையும் உடலும் ஏறத்தாழ ஒரே அகலம். அத்தகைய மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கமாக நின்று ஈரடுக்குத் தகடாகவே அடுக்கிக்கொள்ளும். தனியாக நீரில் போட்டால் லெசித்தின் கரைவதில்லை, ஊறி உப்பி, ஈரடுக்குச் சுவர் கொண்ட வெசிகிள்கள் என்னும் நுண்பைகளாகக் கலங்கலாக மிதக்கும். தன்னந்தனி மூலக்கூறாக நீரில் இருக்கும் லெசித்தினின் அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவே தேவையில்லாத அளவுக்குச் சொற்பம். பித்த உப்போ எப்போதும் ஒரு காலை நீரில் வைத்தே நிற்கும். திரளுக்குள் எவ்வளவு, வெளியே நீரில் எவ்வளவு என்பது இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும். கலப்பு மைசெல் பற்றி ஆய்வகத்தில் நாம் சந்திக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இரண்டையும் சேர்த்தால் பித்த உப்பு லெசித்தின் தகட்டுக்குள் நுழைந்து அதை உடைத்து, சில நானோமீட்டர் அளவுள்ள துண்டுகளாக்கிவிடுகிறது. அந்தத் துண்டின் உள்ளமைப்பு என்ன என்பதில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. மேசர், பெனடெக், கேரி ஆகியோர் அடங்கிய குழு ஒளிச்சிதறல் அளவீடுகளைக் கொண்டு 1980-ல் ஒரு வட்டு மாதிரியை முன்வைத்தது: லெசித்தின் ஈரடுக்கு வட்டமாக வெட்டுப்பட்டது போலிருக்க, அதன் விளிம்பில் வெளித்தெரியும் கொழுப்புப் பகுதியைப் பித்த உப்புகள் சுற்றிவளைத்து மூடுகின்றன, சில உள்ளேயும் செருகிக்கொள்கின்றன. அதன் பின்னர் வந்த நியூட்ரான் சிதறல் ஆய்வுகள் வட்டைவிடத் தண்டு வடிவமே பொருந்துகிறது என்று காட்டின. அந்தப் படத்தில் லெசித்தினின் தலைகள் தண்டின் அச்சிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கி நிற்கின்றன. வளைந்த பரப்பில் தலைகளுக்கிடையே விழும் இடைவெளிகளில் பித்த உப்புகள் படுத்த நிலையில் பொருந்தி, நீரை விரும்பும் முகத்தை வெளியே காட்டுகின்றன. மாரிங்க், மார்க் இருவரும் 2002-ல் வெளியிட்ட மூலக்கூறு இயக்கக் கணினி உருவகமும் இந்த இரண்டாவது படத்தை ஒட்டியே வந்தது. கல்லூரிகளில் இன்றும் வட்டுப் படத்தையே வரைந்து காட்டுகிறார்கள்; வரைவதற்கு அது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பொடியைப் பயன்படுத்துவோருக்கு இந்த விவாதத்தில் ஆக வேண்டியது ஒன்று உண்டு: பித்த உப்பின் பங்கு குறையக் குறையத் தண்டு நீள்கிறது, மிகவும் குறைந்தால் தண்டாக நிற்க முடியாமல் தகடாகி, தகடு மூடிக்கொண்டு வெசிகிள் ஆகிவிடுகிறது.

உடலுக்கு இந்தக் கூட்டு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பித்தத்துக்குள் லெசித்தினைத் தள்ளும் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் பற்றிய ஆய்வு 1993-ல் வெளிவந்தது. அவற்றின் பித்தத்தில் பாஸ்போலிப்பிடு ஏறக்குறைய இல்லை. துணையற்ற பித்த உப்புகள் அவற்றின் பித்த நாளங்களையும் கல்லீரலையும் சிதைத்துவிட்டன. கொழுப்பைக் கரைக்கும் திறன் எந்தச் சவ்வையும் விட்டுவைப்பதில்லை. லெசித்தினுடன் கூடியிருக்கும்போதுதான் அது அடங்கியிருக்கிறது.

இனிப் பொடிக்கு வருவோம். இந்தச் சரக்கில் என்னை மிகவும் கவர்ந்ததும், புதியவர்களை மிகவும் குழப்புவதும் ஒன்றே: ஒரே பொடி, ஒரே 4-க்கு 1 விகிதம், ஆனால் இரண்டு கரைசல்களும் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரிகின்றன. ஃபெசிஃபில் டாரோகோலேட் 15 மில்லிமோலார், லெசித்தின் 3.75 மில்லிமோலார், அடர்ந்த கரைசல் கலங்கலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் அது தெளிவாக இருக்கிறது. ஃபாசிஃபில் 3 மில்லிமோலாரும் 0.75 மில்லிமோலாரும்தான்; ஐந்தில் ஒரு பங்கு. அதுவோ மெல்லிய பால்நிறச் சாயலுடன் நிற்கிறது. புதிதாகச் சேரும் பயிற்சியாளர்கள் அனைவரும் இந்த இடத்தில் "மேடம், கரைசல் கெட்டுப்போச்சு, கொட்டிடட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். கொட்டக் கூடாது. நீரில் தனித்து நிற்கும் டாரோகோலேட் 2 மில்லிமோலார் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஃபெசிஃபில் எஞ்சிய 13 மில்லிமோலார் 3.75 மில்லிமோலார் லெசித்தினுடன் சேர்கிறது. திரளுக்குள் விகிதம் ஏறக்குறைய மூன்றரைக்கு ஒன்று. ஃபாசிஃபில் எஞ்சுவது 1 மில்லிமோலார் மட்டுமே, அது 0.75 மில்லிமோலார் லெசித்தினைத் தாங்க வேண்டியிருப்பதால் விகிதம் ஒன்றேகாலை ஒட்டி வந்துவிடுகிறது. புட்டியின் மேல் 4-க்கு 1 என்று அச்சிட்டிருந்தாலும், திரளுக்குள் உண்மையில் நிலவும் விகிதத்தை முடிவுசெய்வது நீங்கள் ஊற்றும் நீர்தான். எனவே ஃபெசிஃபில் சிறிய மைசெல்கள். ஃபாசிஃபிலோ நீண்டு வளர்ந்த மைசெல்களும் வெசிகிள்களும் சேர்ந்திருக்கும் எல்லைப்புற நிலை. பெரிய திரள் ஒளியை அதிகம் சிதறடிக்கும் என்பதால் பால்நிறம் தெரிகிறது.

தயாரிப்புக் குறிப்பில் ஃபாசிஃபை இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லியிருப்பதும், ஃபெசிஃபை உடனே பயன்படுத்தலாம் என்றிருப்பதும் இதனால்தான். மைசெல்லுக்கும் நீருக்கும் இடையே பித்த உப்பு வந்துபோவது நொடிக்கும் குறைந்த நேரத்தில் நடந்துவிடும்; லெசித்தின் அப்படித் தாவிக் குதிப்பதில்லை. தண்டுகள் இணைந்து தகடாகி, தகடுகள் மூடி வெசிகிளாகும் மாற்றம் மெதுவாகவே நிறைவு பெறும். அவசரத்தில் அரை மணியில் மாத்திரையைப் போட்டுவிட்டால், சோதனை நடக்கும்போதே ஊடகமும் மாறிக்கொண்டிருக்கும்; ஒரு சோதனைக்கு வைக்கும் ஆறு பாத்திரங்களில் முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் எண்கள் விலகினால் மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. குறிப்பிலுள்ள 'அறை வெப்பநிலை' என்ற சொல்லையும் நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் ஏ.சி. இல்லாத அறையும் ஏ.சி. அறையும் ஒரே 'அறை' அல்ல. எங்கள் செயல்முறை ஆவணத்தில் வெப்பநிலையை எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறோம். இந்தப் பொடியை வாங்கும் எவரும் அப்படிச் செய்வது நல்லது.

நாமே தயாரிப்பது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலையைப் பார்த்ததும் பேராசிரியர்கள் முதலில் எடுக்கும் முடிவு அதுதான். மூல முறை இது: டாரோகோலேட்டைப் பஃபரில் கரைத்து, லெசித்தினை டைகுளோரோமீத்தேனில் கரைத்துச் சேர்த்தால் பால்மம் உருவாகும், பிறகு ரோட்டரி எவாப்பரேட்டரில் (குடுவையைச் சுழற்றி ஆவியாக்கும் கருவி) 40 பாகை அளவில் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கரைப்பானை முழுவதும் வெளியேற்ற வேண்டும். டைகுளோரோமீத்தேன் ஏறத்தாழ 40 பாகையில் கொதிப்பது. அழுத்தம் குறைந்தால் அதற்கும் கீழே. அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டிய கண்டென்சரில் மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை ஓடவிட்டால் ஒரு சொட்டுகூடப் பிடிபடாது. எல்லாம் பம்புக்குள் போய், அறைக்குள் பரவும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் வகையில் வைக்கப்பட்ட கரைப்பான் அது. ஆகவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும், ஆவியை வெளியே இழுக்கும் நல்ல ஃப்யூம் ஹுட் வேண்டும், பிடித்த கரைப்பானை முறையாக அப்புறப்படுத்த வேண்டும். இவற்றோடு, நுரைத்துப் பொங்கும் பித்த உப்புக் கரைசலை வெற்றிடத்தில் பொறுமையாகக் காக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். பொடிக்கு நாம் கொடுக்கும் கூடுதல் தொகையின் பெரும்பகுதி இந்த வேலையைத் தவிர்ப்பதற்கே போகிறது. அந்த வகையில் அது நியாயமான விலை.

சரக்கின் தூய்மையும் இதில் சேரும். பாரிமுனைப் பகுதியில் ஆய்வக ரசாயனம் விற்கும் கடைகளில் 'பித்த உப்பு' என்று கேட்டால் தயங்காமல் எடுத்துத் தருவார்கள். அது நுண்ணுயிரியல்காரர்கள் மெக்கான்கி அகார் என்னும் வளர்ப்பூடகத்தில் கலக்கும் சரக்கு. மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்த பலவகை உப்புகளின் கலவை. குடல் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்க்க அது போதும், மருந்தின் கரைதிறனை அளக்கப் போதாது. டாரின் இணையாத கோலேட் கலந்த சரக்கானால், பி.எச். 5 உள்ள ஃபெசிஃபில் அது மின்சுமையை இழந்து படிந்துவிடும் அபாயம் உண்டு; டாரோகோலேட்டோ குடலில் காணப்படும் எந்தப் பி.எச்.-லும் மின்சுமையோடு நிற்கும். லெசித்தினிலும் இதே கதைதான். முட்டையா சோயாவா, தூய்மை எவ்வளவு, காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்ததா என்பதைப் பொறுத்துக் கரைசலின் இயல்பு மாறும். பொடியில் இந்தத் தலைவலிகள் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் (பேட்ச்) தரும் பகுப்பாய்வுச் சான்றிதழோடு தீர்ந்துவிடுகின்றன. வெவ்வேறு தொகுதிப் பொடிகளில் தயாரித்த ஃபாசிஃபில் ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு மருந்தின் கரைதிறன் ஒத்துவந்ததுதான் இந்தப் பொடியின் மீது எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு முதன்மைக் காரணம்.

பஃபர் நம் பொறுப்பு என்பதால் ஓர் எச்சரிக்கை. ஃபாசிஃப் குறிப்பில் லிட்டருக்கு 0.42 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 6.19 கிராம் சோடியம் குளோரைடு, 3.95 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்றிருக்கும். இந்தக் கடைசி எண் ஒரு நீர்மூலக்கூறு உள்ள உப்புக்கானது. நம் கடைகளில் எளிதில் கிடைப்பது இரண்டு நீர்மூலக்கூறு உள்ள உப்பு. அதில் சுமார் 4.47 கிராம் எடுக்க வேண்டும். அதிலும் 3.95 கிராமே எடுத்து, பி.எச்.-ஐ 6.5-க்குத் திருத்திவிடுகிறோமே, என்ன குறை என்று கேட்கலாம். பி.எச். சரியாகிவிடும், அதை மாறாமல் காக்கும் பஃபரின் வலு குறைந்திருக்கும். அமில மருந்தோ கார மருந்தோ கரையத் தொடங்கியதும் அது வெளிப்படும்.

பொடியின் பொதி பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பித்த உப்பு ஈரத்தை இழுக்கும் பொருள். கடற்கரை ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால் உள்சுவரில் நீர் கோத்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது பொடி கட்டியாகியிருக்கும், அதற்குப் பிறகு 2.24 கிராம் என்று நிறுப்பதில் எத்தனை கிராம் நீர் என்று யாராலும் சொல்ல முடியாது. அகன்ற வாயுள்ள பெரிய புட்டிக்குப் பதிலாக ஒரு லிட்டருக்கான அளவை உறையில் அடைத்துத் தந்தால் இந்த வெப்பமண்டலச் சந்தைக்கு அது பேருதவியாக இருக்கும். இப்போதைக்கு, வந்த நாளிலேயே உலர்ந்த பெட்டிக்குள் சிறு குப்பிகளில் பிரித்து அடைத்துவைப்பதே வழி.

வாங்கும் அளவையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆறு பாத்திரம், தலா 500 மில்லி என்றால் ஒரு சோதனைக்கு 3 லிட்டர். ஃபாசிஃபுக்கு 6.72 கிராம் போதும், ஃபெசிஃபுக்கு 33.6 கிராம். 900 மில்லி என்று போனால் ஃபெசிஃபுக்கு 60 கிராமைத் தாண்டிவிடும். ஆகவே உணவின் விளைவை ஆராய்வதாகத் திட்டமிட்டு, இரண்டுக்கும் சமமான செலவு என்று நிதிக் கோரிக்கை எழுதும் ஆய்வு மாணவர் நடுவழியில் நின்றுவிடுவார். முதலில் சிறு குடுவையில் கரைதிறனை மட்டும் அளந்து பார்த்து, வேறுபாடு தெரிந்தால் மட்டும் முழுச் சோதனைக்குப் போவது பணத்தை மிச்சப்படுத்தும்.

புழங்கும்போது சில நடைமுறைச் சிக்கல்கள் வரும். கரைசல் நுரைக்கும் என்பதால் காற்றுநீக்கத்தைப் பொடி சேர்க்கும் முன்பே, வெறும் பஃபரிலேயே முடித்துவிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்லியிருப்பதை நம் ஊரில் மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும். பித்த உப்பிலிருந்து டாரினை வெட்டியெடுக்கும் நொதி உள்ள நுண்ணுயிர்கள் பல உண்டு. மருந்தின் அளவைக் கண்டறியும் எச்.பி.எல்.சி. கருவியின் பத்தியில் (மாதிரி கடந்துசெல்லும் குழாய்) லெசித்தின் படிந்துகொண்டே போகும். அதற்கு முன்னால் பொருத்தும் சிறிய காவல் பத்தி இல்லாமலும், ஓட்டம் முடிந்ததும் ஐசோபுரோப்பனாலில் நன்றாகக் கழுவாமலும் விட்டால் அழுத்தம் ஏறி, வரைபடத்தில் உச்சங்கள் பரந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஃபாசிஃப் மாதிரிகளுக்கென்று ஒரு பழைய பத்தியை ஒதுக்கியே வைத்துவிட்டோம்.

கிடைக்கும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் பயனரின் பொறுப்பு அதிகம். 0.45 மைக்ரான் வடிகட்டி கரையாத துகளைப் பிடிக்கும். சில நானோமீட்டர் அளவுள்ள மைசெல்லையும் அதற்குள் தங்கியிருக்கும் மருந்தையும் பிடிக்காது. ஆகவே 'கரைந்தது' என்று நாம் பதிவுசெய்வதில் நீரில் தனித்து நிற்கும் மருந்தும் மைசெல்லுக்குள் ஒதுங்கிய மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. குடற்சுவரைக் கடப்பது தனித்து நிற்கும் மருந்துதான். மைசெல் அதை நீரின் வழியே சுவரருகே கொண்டுபோய்ச் சேர்க்கும் கிடங்காக உதவுகிறது. ஆனால் கரைதிறன் ஐந்து மடங்கு கூடியதால் உறிஞ்சப்படும் அளவும் ஐந்து மடங்கு கூடும் என்று எழுதுவது தவறு. அல்பெண்டசோல் போன்ற மருந்துகளில் கொழுப்புள்ள உணவு உறிஞ்சலைப் பெரிதும் உயர்த்துகிறது. திசுக்களுக்குள் இருக்கும் புழுத் தொற்றுகளுக்கு அதைக் கொழுப்புள்ள உணவோடு கொடுப்பது அதனால்தான். அத்தகைய விளைவு இருக்கக்கூடும் என்பதை ஃபாசிஃப், ஃபெசிஃப் ஒப்பீடு முன்கூட்டியே காட்டித்தரும். எத்தனை மடங்கு என்பதை மனிதரிடம் நடத்தும் ஆய்வுதான் சொல்ல முடியும்.

பொடியின் உட்பொருளிலும் ஒரு வரையறை இருக்கிறது. மனிதப் பித்தத்தில் டாரின் இணைந்த உப்புகளைவிடக் கிளைசின் இணைந்தவையே அதிகம். டாரோகோலேட்டை மட்டும் எடுத்துக்கொண்டது பி.எச்.-க்கு அசையாத அதன் உறுதிக்காகச் செய்த எளிமைப்படுத்தல். லெசித்தினும் குடலுக்குள் லெசித்தினாகவே நீடிப்பதில்லை. கணைய நொதி அதன் ஒரு வாலை வெட்டி லைசோலெசித்தினாகவும் கொழுப்பமிலமாகவும் பிரித்துவிடுகிறது. இவற்றைக் கணக்கில் கொண்டு 2008-ல் இரண்டாம் பதிப்புக் கலவைகள் வெளியாயின. அதில் ஃபாசிஃபின் லெசித்தின் 0.2 மில்லிமோலாராகக் குறைக்கப்பட்டது. ஃபெசிஃபில் மோனோஒலியேட்டும் சோடியம் ஒலியேட்டும் சேர்க்கப்பட்டன. இவற்றுக்குத் தனிப் பொடிகள் வாங்க வேண்டும். 4-க்கு 1 பொடியில் எதையாவது கூட்டிக் குறைத்து இரண்டாம் பதிப்பைப் பெறலாம் என்று ஒரு விநியோகஸ்தரின் விற்பனைப் பிரதிநிதி எங்களிடம் சொன்னது சரியல்ல. டாரோகோலேட்டைத் தனியே சேர்த்தால் விகிதத்தை எட்டிவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் அப்போது தொகுதிச் சான்றிதழுக்குப் பொருள் இல்லாமல் போய்விடுகிறது, அந்தச் சான்றிதழுக்காகத்தானே பொடியே வாங்கினோம்.

அன்றாடத் தரக்கட்டுப்பாட்டுக்கு இந்தப் பொடி தேவையில்லை. அங்கே சாதாரண பஃபரோ, தேவைப்பட்டால் சோடியம் லாரில் சல்பேட் என்னும் சோப்பு போன்ற பொருள் கலந்த ஊடகமோ மலிவாகவும் சீராகவும் வேலையை முடித்துவிடும். நீரில் நன்றாகக் கரையும் மருந்துக்கும் பொடி வீண் செலவு. நீரில் கரையாத, கொழுப்பை நாடும் மருந்துக்குப் பல கலவை வடிவங்களை முயன்று, அவற்றில் எதை மனித ஆய்வுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் கட்டத்தில் மட்டும் இதை வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கு என்பதால் கையிருப்பு தீரும் முன்பே ஆணையை அனுப்பிவிட வேண்டும். விநியோகஸ்தரிடம் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பயணத்தில் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி பெட்டிக்குள் இருந்ததா என்பதை வந்தவர் கையெழுத்துக் கேட்கும் முன் திறந்து பாருங்கள்.